சிக்னல் கிடைக்காத ரேடியோ

மார்ச் 4

நோட்டுக்காரி இன்றும் வந்தாள். மனோதத்துவம் படிக்கிற பெண். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் நான் விரிப்பு மடிக்க மடிக்கப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவாள். ஆயிரம் பேரை விசாரிக்காமல் ஒரே ஆளை மாதக்கணக்கில் கவனிப்பதுதான் அவள் ஆராய்ச்சி. கூடத்தையே சிரிக்கவைக்கிற ஆள் என்று என்னைப் பிடித்திருக்கிறாள்.

“ஒரு ஆளை வெச்சு உலகத்தையே சொல்லிடுவியா?”

“இல்லக்கா. உங்களை மட்டும்தான் சொல்லுவேன்.”

என் ஜோக்குகளிலேயே பெரிய ஜோக்கைச் சொன்னேன். மகள் திக்கித் திக்கிப் பேசுவாள். செல்லமாக ரேடியோ என்பேன். ஒருநாள் விருந்தாளிகள் நடுவில் என்னைக் கூப்பிட வந்து “அ... அ...” என்று நின்றாள். “சிக்னல் இல்லடி, மாடிக்குப் போய்க் கூப்பிடு” என்றேன். வீடே உருண்டு சிரித்தது.

நோட்டுக்காரி சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

மார்ச் 11

வீட்டு ஆட்களிடமும் பேசவேண்டுமாம். ஒருத்தர் சொல்வதை மட்டும் வைத்து எழுதக் கூடாதாம். ரேடியோவைத் தனியாகப் பார்க்கப்போகிறாள். பாவம், ஒரு பதிலுக்கே ஒரு நோட்டு தீர்ந்துவிடும்.

மார்ச் 12

இரண்டு மணி நேரம் பேசினாளாம். எங்கள் ரேடியோவா?

ஏப்ரல் 20

எழுதியதை வாசித்துக் காட்டினாள். அச்சுக்குப் போகும் முன் சம்பந்தப்பட்டவர் கேட்டு, வேண்டாத வரியை எடுக்கச் சொல்லலாம். ஆள் தெரியாமலிருக்க எனக்கு ‘க’ என்று பேர். துணி மடிப்பவள் இல்லை, சமையல்காரி. “உப்பு போட்டியா?” என்று வம்பிழுத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் மகள் சொன்னது வந்தது.

“எனக்கு ரொம்பச் சிக்குற வார்த்தை அம்மாதான். அன்னைக்கு எல்லாரும் சிரிச்சதுக்கப்புறம் அப்படிக் கூப்பிடுறதையே விட்டுட்டேன். எட்டு வருஷமாச்சு. அவங்க கவனிக்கவே இல்ல.”

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். அதேதான்.

ஏப்ரல் 21

எட்டு வருஷம். தோளைத் தொடுவாள். கதவைத் தட்டுவாள். “இங்க பாரு” என்பாள் — கூப்பிடவே இல்லையா? விரிப்பில் ஊசிமுனைக் கறை இருந்தாலும் பிடிக்கிறவள் நான். இது எப்படிடி தெரியாமப் போச்சு எனக்கு?

ஏப்ரல் 23

“அந்த வரிய எடுத்துடவா அக்கா?”

“நீ எனக்கு வாசிச்சுக் காட்டுவேன்னு அவளுக்குத் தெரியுமா?”

“தெரியும். நீங்க கேக்கணும்னுதான் சொன்னாங்க.”

இருக்கட்டும் என்றேன்.

ஏப்ரல் 29

மகள் வேலை முடிந்து வந்தாள். எதையோ சொல்ல வாய் திறந்து, நின்றுவிட்டாள். எனக்கு ஒரு ஜோக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன். ஈரத்துணியைப் பிழிந்தபடியே இருந்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்தாள்.

“உ... உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு.”

பஸ்ஸில் ஒருவர் தன் குடையை விட்டுவிட்டு இவள் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிய கதை. சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நடுவில் அவளே சிரித்தாள். அவளுக்குக் கதை சொல்ல வரும் என்று எனக்குத் தெரியாது.

அம்மா என்று கூப்பிடவில்லை. நாளைக்கும் வாயைக் கட்டவேண்டும்.