தாய்மாமன் இலையில் ரசச் சோறு

லோரி ஓட்டிப் போன ஊரிலெல்லாம் சாப்பிட்டு, சாப்பிட்டதையெல்லாம் படம் போட்ட என் அன்பு மச்சான் செல்வத்துக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. உன் அக்கா மல்லிகாவும் நானும் நன்றாக இருக்கிறோம். சனிக்கிழமை மதியம் இன்னும் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் உன்னைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. ஆனால் மீன் தலைக்கறி இறங்கினால் முதல் தட்டு எங்கள் மேசைக்குத்தான் வருகிறது.

உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு முன்னால் நம் சண்டையை இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

என் மகள் கவிதாவின் கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண்ணுக்குத் தாய்மாமன் நீ. மறுநாள் காலை பேஸ்புக்கைத் திறந்தால் உன் படம். வாழை இலையில் கொஞ்சம் சோறு, அதன்மேல் ரசம், ஓரத்தில் ஓர் அப்பளத் துண்டு. மேலே நீ எழுதியிருந்தாய்: "தாய்மாமனுக்குக் கிடைச்ச விருந்து." மாப்பிள்ளை வீட்டார் உட்பட எல்லோரும் பார்த்துவிட்டார்கள். எனக்குத் தலைகாட்ட முடியாமல் போயிற்று. "இனிமே அவன் என் வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று மல்லிகாவிடம் கத்தினேன். அவள் உன்னோடு பேசுவதை விடவில்லை. ஆனால் என் முன்னால் உன் பெயரை எடுக்கவும் இல்லை.

நான்கு வருடம். அந்த நான்கு வருடமும் உன் சாப்பாட்டை நான் தினமும் பார்த்தேன் என்பது உனக்குத் தெரியுமா? ஸ்ரீ கெம்பாங்கான் தொழிற்சாலைக் கேண்டீனில் மல்லிகா கட்டிக் கொடுத்ததைத் திறந்து வைத்துக்கொண்டு, நீ எந்த ஊரில் என்ன சாப்பிடுகிறாய் என்று பார்ப்பேன். ஒரு நாள் படம் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. திட்டிக்கொண்டேதான் பார்ப்பேன்.

ஒரு நாள் குழம்புக் கையோடு திரையைத் தள்ளியபோது உன் மீ கோரெங் நூடுல்ஸ் படத்தில் என் லைக் விழுந்துவிட்டது. பதறிப்போய் அதை எடுத்தேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

"மச்சான், கை தவறிப் பட்டுச்சா, மனசு வந்து போட்டீங்களா?"

"கை தவறித்தான்லா."

"அப்ப கை நல்ல கை. மனசுதான் லேட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எங்க இருக்க?" என்றேன்.

"காப்பார்ல. லோடிங் நடக்குது."

"மீ ஆறிடும், சாப்பிடு மொதல்ல."

"நாலு வருஷம் கழிச்சுப் பேசறீங்க. மீ எங்கயும் ஓடிப் போகாது மச்சான்."

அந்தச் சனிக்கிழமை பிரிக்பீல்ட்ஸில் உட்கார்ந்தோம். நீ எதுவும் கேட்காமல் சாப்பிட்டாய். நான்தான் கேட்டேன், ஏன் அந்தப் படத்தைப் போட்டாய் என்று. நீ இலையை மடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாய்.

"காலையிலேர்ந்து தண்ணி கார்ட்டன் தூக்குனேன், காருக்கெல்லாம் எடம் காட்டுனேன். உக்காரும்போது மணி மூணு. கறி முடிஞ்சு போச்சு. அது பரவால்ல. நீங்க ரெண்டு வாட்டி என்னத் தாண்டிப் போனீங்க மச்சான். சாப்பிட்டியான்னு ஒரு வார்த்த கேக்கல."

நான் தாண்டிப் போனது எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

"கேட்டிருக்கணும்டா," என்றேன்.

"நானும் படம் போட்டிருக்கக் கூடாது."

அவ்வளவுதான். நான்கு வருடச் சண்டை குடிக்கத் தே தாரிக் டீ வருவதற்குள் முடிந்துவிட்டது. தினமும் எதற்கு இத்தனை படம் என்று அப்புறம் கேலியாகக் கேட்டேன். "வீட்ல தனி ஆளு. படம் போட்டா நாலு பேரு நல்லா சாப்பிடுன்னு எழுதறாங்க. அதான்," என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விட்டாய். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன்.

அதற்குப் பிறகு நமக்கு இரண்டு வருடச் சனிக்கிழமைகள் கிடைத்தன. மல்லிகாவும் வர ஆரம்பித்தாள். பிறகு ஒரு நாள் தூக்கத்திலேயே போய்விட்டாய்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். போன மாதம் கவிதா சொன்னாள்: "அப்பா, திட்டாதீங்க. நீங்க பேசாம இருந்த நாலு வருஷமும் மாசம் ஒரு தடவ நான் மாமாவோட சாப்பிட்டேன். லோரி சுபாங் ஜெயா பக்கம் வந்தா என் ஆபீஸ் கீழ வந்து நின்னு கூப்பிடுவாரு. படத்துல மட்டும் என் தட்டு வராமப் பாத்துக்குவாரு."

"எதுக்கு மறைக்கணும்?"

"உங்களுக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னுதான். நீங்க தெனமும் பாக்கறத உங்க போன்ல பாத்துட்டு அம்மா மாமாகிட்ட சொல்லிட்டாங்க. உங்கப்பா ஒரு லைக் போட்டா ஒடனே போன் பண்ணிடுவேன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு."

ஆக, வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது. இத்தனை சனிக்கிழமை என் எதிரில் உட்கார்ந்தும் ஏன் சொல்லவில்லை, மச்சான்? நான் வெட்கப்படுவேன் என்றா?

வெட்கப்படத்தான் செய்தேன், கொஞ்ச நேரம். அப்புறம் வயிறு நிறைந்த மாதிரி ஆகிவிட்டது. நீ தனியாகச் சாப்பிட்டாய் என்று நினைத்து நான் வருந்திக்கொண்டிருந்த காலத்திலும் என் மகள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான் செய்ய வேண்டியதை அவள் செய்திருக்கிறாள். இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

ஒரு வாக்கு தருகிறேன், செல்வம். இனி யார் மேல் கோபம் வந்தாலும், அடுத்த வேளைச் சோற்றில் கை வைப்பதற்குள் நானே போன் பண்ணிப் பேசிவிடுவேன். மல்லிகா இதைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும். பார்த்துக்கொண்டிரு.

உன் அக்காவைக் கட்டியவன்,
கவிதாவின் அப்பா,
உன் மச்சான் கணேசன்