மாமன் தோப்பில் நின்ற வேன்

தஞ்சாவூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் பிரகதீஸ்வரிக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். பெர்த்தில் நீயும் மாப்பிள்ளை பரிதியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மா நலமா என்பதை நீதான் எனக்கு எழுத வேண்டும், ஏனென்றால் அவள் இங்கே இல்லை, பேராவூரணியில் உன் மாமன் வீட்டில் இருக்கிறாள். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியிலேயே சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், எதற்குப் பேச ஆரம்பித்தேனோ அது நின்றுவிடும். நடந்ததை வரிசையாக எழுதினால் எனக்காவது விளங்குகிறதா என்று பார்க்கிறேன்.

நீங்கள் இருவரும் போன வருடம் அங்கே கடற்கரை ஓரமாக வேனிலேயே படுத்து, வேனிலேயே சமைத்து ஊர் சுற்றிய படங்களை அனுப்பியபோதே எனக்குப் புரியவில்லை. நல்ல சம்பளம், நல்ல வீடு, அதை விட்டுவிட்டு ரோட்டோரத்தில் ஏன் படுக்க வேண்டும். இந்த வருடம் எங்கள் கல்யாண நாளுக்கு அதே மாதிரி ஒரு வேனை எங்களுக்கும் பதிவு செய்துவிட்டாய். டிரைவர் வேண்டாம் என்று நான்தான் சொன்னேன், அன்னியன் ஒருவன் முன்னால் இருக்க, பின்னால் எப்படிப் படுப்பது. வேன் நம் தெருவில் வந்து நின்றதும் எதிர்வீட்டுத் தங்கம்மாள் ரேஷன் அட்டையோடு ஓடிவந்து, "கண்ணு டெஸ்ட் பண்ற வண்டிங்களா சார், கண்ணாடி ஃப்ரீயா குடுப்பாங்களா" என்று கேட்டது. இல்லை, நாங்கள் ஊர் சுற்றப் போகிறோம் என்றேன். அது என்னைப் பார்த்த பார்வையை என்னவென்று எழுதுவது. உன் அம்மா வேனுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, உள்ளே இருந்த அடுப்பில் பால் காய்ச்சினாள். வாடகை வண்டிக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்டேன். "நாலு நாளைக்குன்னாலும் குடியிருக்கப் போறோம்ல, பால் காய்ச்சினாத்தான் வீடு" என்றாள். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பட்டுக்கோட்டை வழியாக மனோரா போய்ச் சேர்ந்து கடலைப் பார்த்து வேனை நிறுத்தினோம். உங்கள் ஊர்க் கடல் மாதிரி பாறையும் அலையும் கிடையாது, நம் கடல் ஏரி மாதிரி அசையாமல் கிடக்கிறது. அதையே அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த நாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போய்க்கொண்டிருக்கும்போது வலப்பக்கம் திரும்பச் சொன்னாள், வேனுக்குத் தண்ணீர் பிடிக்கவும் கரண்ட் போடவும் ஓர் இடம் நீ ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னாள். பேராவூரணி என்ற பலகையைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. ஓரமாக நிறுத்திவிட்டேன். உன் மாமன் தெட்சிணாமூர்த்தியின் புதுமனைப் புகுவிழாவுக்கு நான் வரிசைத் தட்டோடு போய் நின்றதும், அவர் வாசலில் யாரோ காண்டிராக்டரோடு பேசிக்கொண்டே என்னை 'வாங்க' என்று ஒரு வார்த்தை கேட்காததும் உனக்குத் தெரியும். தட்டை வைத்துவிட்டு, கை நனைக்காமல் பஸ் ஏறிய நான் அந்த வாசல்படியை மிதிப்பதில்லை என்று சொன்னேன், மிதிக்கவுமில்லை. அம்மாவைப் போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவளாகத்தான் போகாமல் இருந்தாள். என்னைவிட இளையவனுக்குத் தலைமையாசிரியர் பதவியைக் கொடுத்தபோதுகூட நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன், அது சம்பளத்துக்கு. இது அப்படியில்லையே.

நான் வரமாட்டேன் என்றேன். அதற்கு உன் அம்மா சத்தம் போடவில்லை, அழவில்லை. "நீங்க யாரு வீட்டுக்கும் வர வேணாம், நம்ம வீட்டுலயே இருங்க. தோப்புல நிறுத்துங்க, நான் எங்கண்ணனைப் பாத்துட்டு வர்றேன்" என்றாள். பொருளாதாரம் முப்பது வருடம் நடத்தியவன் நான், இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. மாமன் வீட்டை ஒட்டிய தென்னந்தோப்பில், வேனின் கதவு வீட்டைப் பார்க்காதபடி நிறுத்தினேன். அம்மா இறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஷோபனா அத்தை கொடுத்ததாக மீன் குழம்போடு வந்தாள். அந்த வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம் என்றேன். குழம்பை நம் வேன் பாத்திரத்தில் ஊற்றி, நம் அடுப்பில் சுட வைத்து, "இப்ப இது நம்ம வீட்டுக் குழம்பு" என்று முன்னால் வைத்தாள். பசி, சாப்பிட்டேன். குழம்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உப்புக்கூடச் சரியாக இருந்தது.

பிறகு உன் மாமன் வந்தார். வேன் கதவுக்கு வெளியே நிற்கிறார், நான் உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். இப்போது யார் யாரை 'வாங்க' என்று கேட்க வேண்டும். நிலம் அவருடையது, வாசல் என்னுடையது. வாசலுக்கு வந்த மனிதனை நிற்கவைப்பது எனக்கும் பழக்கமில்லை, அதனால் 'உட்காருங்க' என்றேன். 'வாங்க' என்று சொல்லவில்லை, இதை நீ குறித்துக்கொள். உள்ளே ஏறினார், தலை இடித்தது. "வீடு நல்லாத்தான் இருக்கு மாப்ள, வாசப்படிதான் ரொம்ப உசரம்" என்றார். சிரிக்க வேண்டுமா, கோபப்பட வேண்டுமா என்று தெரியாமல் அவர் உட்கார இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். அப்புறம் அவராகவே சொன்னார், அன்றைக்கு வாசலில் தன் பக்கத்தில் நின்று வருகிறவர்களை 'வாங்க' என்று கேட்க நான் முந்தின நாளே வந்துவிடுவேன் என்று இருந்தாராம். "பந்தி ஆரம்பிக்கிற நேரத்துக்கு ஊரான் மாதிரி தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க, எனக்கு எப்படி இருந்திருக்கும்" என்றார். இது உண்மையா, இத்தனை வருடத்தில் யோசித்துக் கட்டியதா. உண்மை என்றால் ஒரு போன் போட்டு அப்போதே சொல்லியிருக்கலாமே. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் எனக்குப் பிடிபடவில்லை.

காலையில் கிளம்பலாம் என்றால் அம்மா, நீங்கள் போய்விட்டு வாருங்கள், நான் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஷோபனா அத்தையோடு உட்கார்ந்து தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டே சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். தனியாக வேனை ஓட்டிக்கொண்டு தனுஷ்கோடி வரை போனேன். ஒரு புது ஜோடி தங்களைப் படம் எடுத்துத் தரச் சொன்னது, எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் கடல், நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதைச் சொல்வதற்கு ஆள் இல்லை. திரும்பி வரும்போது பேராவூரணி பலகையைத் தாண்டி நேராக வந்துவிட்டேன். ஏன் தாண்டினேன் என்று பட்டுக்கோட்டை வந்த பிறகும் தெரியவில்லை.

வேனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவும் முடிந்துவிட்டது, குத்தகைக்காரர் வந்து அம்மாவை விசாரித்தார், ஊருக்குப் போயிருப்பதாகச் சொன்னேன். அம்மா தினமும் போன் செய்கிறாள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறாள், எப்போது வருகிறாள் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை. இது நீயும் அம்மாவும் மாமனும் சேர்ந்து போட்ட திட்டமா என்பதை மட்டும் மறைக்காமல் எழுது. பரிதியை ராத்திரியில் நெடுந்தூரம் வண்டி ஓட்ட விடாதே.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ என் ஆசீர்வாதம். மறக்காமல் ஒரு காரியம் செய். பஸ்ஸில் பேராவூரணி போனால் உன் மாமன் வீட்டு வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டியிருக்கும். அதனால் அந்த வேன் இன்னும் ஒரே ஒரு நாளைக்குக் கிடைக்குமா என்று விசாரித்துச் சொல். அம்மாவிடம் சொல்லாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
துரைராசு