ஐந்து மில்லிமீட்டர் இதயம்

நிலா மறுபக்க ஆய்வகம். பதிவாளர்: டாக்டர் கொன்சீத்தா மச்சாது, வயது 71. தனியாள்.

நவம்பர் 2, 06:10
காற்றழுத்தம் சரி. வெப்பம் 37.0. நான்காம் தட்டிலுள்ள இதயத் தசை: ஐந்து மில்லிமீட்டர், நிமிடத்துக்கு 64 துடிப்பு. இறந்த என் கணவர் ரெமிஜியுஸின் செல்களிலிருந்து வளர்த்தது. அது அவரல்ல. எழுதிவைப்பது முறை.

செப்சிஸ் என்னும் இரத்தத் தொற்றின் நஞ்சிலிருந்து இதயத்தைக் காக்கும் ‘கவசம்’ மருந்து ஒரு குப்பி மீதி. அடுத்த விண்கலம் வர ஒன்பது நாள்.

இன்று கல்லறைத் திருநாள். தூத்துக்குடியிலுள்ள கல்லறைக்குப் போக வழியில்லை. கோயிலிலிருந்து கொண்டுவந்த மந்திரித்த தண்ணீரில், வெடிப்பு விழுந்த விரலை நனைத்துத் தட்டின் மூடியைத் திறக்கும் முன் சிலுவை இட்டேன். கையுறையோடு சிலுவை இட மனம் வரவில்லை; அதே வெறுங்கையால் மூடியைத் திறந்தேன்.

நவம்பர் 4, 07:30
விரல் வெடிப்பு வீங்கியிருக்கிறது. காய்ச்சல் 39.4. தட்டிலுள்ள ஊட்டநீர் கலங்கியிருக்கிறது. என் இரத்தத்திலும் தட்டிலும் அந்தத் தண்ணீர்ப் புட்டியிலும் ஒரே கிருமி. தவறு செய்தவள் எழுந்து நின்று சொல்ல வேண்டும் என்று பள்ளியில் கன்னியாஸ்திரீகள் கற்றுத்தந்தார்கள். என் தவறு.

09:05
தரை நிலைய மருத்துவர் முபாரக், என் பழைய மாணவன்: “மேடம், கேட்டா கோபப்படுவீங்க. கையுறை போட்டிருந்தீங்களா?”

நான்: “உன் ஆய்வேட்டில் நாற்பத்தொரு பிழை திருத்தியவளிடம் கேட்கிறாயா? போடவில்லை.”

முபாரக்: “அதுல ஆறு நீங்க புதுசாப் போட்ட பிழை மேடம். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். கவசத்தை ஏத்திக்கோங்க.”

நவம்பர் 5, 11:20
ஆன்டிபயாடிக் எனக்கும் தட்டுக்கும் கொடுத்தாயிற்று. கிருமி குறைகிறது, நஞ்சு குறையவில்லை. என் நாடி 132, இடையிடையே தவறுகிறது. தட்டு 29. கவசத்தைப் பாதியாகப் பிரித்தால் யாருக்கும் பயனில்லை. அதை நிரூபித்ததே நான்தான். மாலைக்குள் ஒருவருக்குப் போட வேண்டும்.

ஒருவருக்கு என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தவில்லை.

13:40
யாரிடமும் சொல்லாதது. பதினோரு ஆண்டுகளுக்கு முன், கவசத்தின் முதல் சோதனையில் ரெமிஜியுஸும் ஒரு நோயாளி. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் சலைன் என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. அவருக்குச் சலைன். ‘எனக்கு வருவது மருந்துதானே, கொஞ்சி?’ என்று செல்லப்பெயர் சொல்லிக் கேட்டார். விதிப்படி சொல்லக்கூடாது என்றேன். நான்காம் நாள் அவர் இதயம் நின்றது. மருந்து அடுத்த அறை அலமாரியில் இருந்தது.

நான் செய்தது சரி. எந்தக் குழுவிடமும் சொல்வேன். அவரிடம் சொல்ல முடியவில்லை.

15:15
முபாரக்: “மேடம், போட்டுக்கிட்டீங்களா?”

நான்: “போட்டுக்கொண்டேன்.”

பொய். இந்தப் பதிவில் ஏறிய என் முதல் பொய். மருந்து தட்டுக்குப் போனது. தட்டின் துடிப்பு ஏறத் தொடங்கியதும், என் நாடியைத் தரைக்கு அனுப்பும் கம்பியைக் கழற்றித் தட்டில் செருகியிருக்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பையன் விடமாட்டான்.

நவம்பர் 6, 08:50
தட்டு 57. விளிம்பு வரை துடிக்கிறது. மருந்து வேலை செய்கிறது. குறித்துக்கொள்ளவும்.

என் விரல்கள் நீலம். தட்டின் துடிப்பை ஒலிக்கும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டேன். இருந்தும் துடிப்பு கேட்கிறது. அவர் மூச்சு வாங்கும் சத்தமும். அது தட்டில் கிடையாது. தட்டில் நுரையீரல் இல்

நவம்பர் 7, 09:00. தானியங்கிப் பதிவு
முபாரக்: “மேடம், நாடி அறுபது, கடிகாரம் மாதிரி இருக்கு. நல்லாத் தூங்குங்க. எழுப்பமாட்டேன்.”

நவம்பர் 9, 09:00. தானியங்கிப் பதிவு
முபாரக்: “மூணு நாளாப் பேசல. ஆறு பிழைன்னு சொன்னதுக்கா இவ்வளவு கோபம்? சரி மேடம், தப்பு என்னோடதுதான். உங்க நாடியைத்தான் பாத்துக்கிட்டே இருக்கேன். இவ்வளவு நல்ல இதயத்தை நான் பாத்ததே இல்ல.”