நார்மல் என்று நான் எழுதியது

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரிக்குப் புது மென்பொருள் வந்திருக்கிறது. குரலை ஒரு நிமிடம் பதிவு செய்து போட்டால், பேச்சில் என்ன கோளாறு என்று அதுவே சொல்லிவிடுமாம். அதைப் பழக்க, கோளாறில்லாத குரல்களும் வேண்டும் என்றார்கள். என் வீட்டுக்காரர் தியோடரின் குரலை வீட்டில் பதிவு செய்து கொண்டுபோனேன். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தும் குரல். அதைவிட நல்ல குரல் எங்கே கிடைக்கும்?

சிவப்புக் காட்டியது. நரம்புக் கோளாறால் வரும் குழறலாம்.

“மூணு வாட்டி ஓட்டிட்டேன் மேடம், அதேதான் வருது” என்றான் இன்ஜினியர் ஸ்ரீஹர்ஷா.

பத்தொன்பது வருடமாக என் பக்கத்தில் பேசுகிற மனுஷன். “உங்க மெஷினுக்குத்தான் தெரபி வேணும்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். ‘நார்மல்’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 5

இது வந்துவிட்டால் ஸ்பீச் தெரபிஸ்டுகள் எங்கள் மூன்று பேரில் ஒருவர் போதும் என்று பேச்சு. அந்தக் கோபத்திலா திருத்தினேன்? இல்லை. அவர் பேசும் கோலார் தங்கவயல் தமிழைப் பற்றி அதற்கு என்ன தெரியும்?

ஜூன் 19, வியாழன்

தலைமையாசிரியர் இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: “சார், காலையிலயே தண்ணி போட்டுட்டு வர்றீங்களா?” பாடம் நடத்தும்போது நாக்கு குழறுவதாகப் பிள்ளைகள் வீட்டில் சொன்னார்களாம்.

“நான் குடிக்கலன்னு நீயாவது நம்புறியா வனஜா?”

நம்புகிறேன் என்றேன். அவர் குளிக்கப் போனதும் சட்டையை முகர்ந்து பார்த்தேன். பையைத் துழாவினேன். சீ, என்ன பொம்பள நான்.

ஜூன் 20

ஒரு வாசமும் இல்லை. அப்படியென்றால் என்ன?

இன்று காலை அவர் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டேன். ‘ர’ வழுக்குகிறது. வாக்கியம் முடிவதற்குள் மூச்சு தீர்ந்துவிடுகிறது. பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் அதே அறிகுறிகள் —

ஆகஸ்ட் 11, திங்கள்

அவருக்குத் தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன. குணமாக்க மருந்து இல்லை.

“பேச்சு மாறி ஆறேழு மாசம் இருக்குமே. வீட்ல யாரும் கவனிக்கலையா?” என்று டாக்டர் கேட்டார்.

“என் ஒய்ஃபே ஸ்பீச் தெரபிஸ்ட்தான் டாக்டர்” என்றார் இவர். எப்போதும் சொல்லும் அதே பெருமையோடு.

ஆகஸ்ட் 13

ஸ்ரீஹர்ஷாவிடம் சொன்னேன். ‘அப்பவே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். தலையைக் குனிந்துகொண்டான்.

செப்டம்பர் 2

வேலையை விட்டுவிட்டார். பிரிவு உபசாரம் எதுவும் நடத்தவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் மார்ச் மாதம் செய்ததை அவரிடம் சொல்லிவிட்டேன். எப்படியும் குணமாகியிருக்காது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன். என் வசதிக்காக.

ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்.

“குணமாயிருக்காது. சரி. ஆனா, குடிகாரன்னு பேர் வாங்காம ஸ்கூலை விட்டு வந்திருப்பேன்.”

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. நான் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை.