பின்னறையைப் பூட்டிய வக்கீலம்மாவுக்கு

வக்கீலம்மா,

இன்று காலை எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தின் முன் ஒரு லாரி நின்றது. புதுப் பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க வார்னிஷ் வாசனை. காய்கறிப் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். போய்ச் சேர்ந்தவர்களை நினைத்தால் அழுகை வரும் என்பார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. உங்கள்மேலும்தான். அதை வேறு யாரிடம் சொல்வது?

காவிரிக் கலவரம் ஓய்ந்திருந்த வருஷங்கள். மைசூரில் ஒரே வீட்டில் நீங்கள் மாடியில் குடியிருந்தீர்கள். நாங்கள் கீழே பின்பக்கத்தில். என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் கம்பி கட்டுகிறவர். நான் வீட்டில் ஊதுபத்தி உருட்டுவேன். உங்களுக்கும் எனக்கும் சொந்த ஊர் கொள்ளேகால்தான் என்று தெரிந்த அன்றே நீங்கள் கீழே வந்து காப்பி கேட்டீர்கள்.

என் மகள் செல்வியை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த அந்த ஜூன் மாதமும் தமிழ்ப் பிள்ளைகளை எல்லாம் பின்னால் இருந்த சாமான் அறைக்கே அனுப்பினார்கள். தகரக் கூரை. ஒன்றாம் வகுப்பு முதல் நான்கு வரை ஒரே டீச்சர், ஒரே கரும்பலகை. கலவரத்தின்போது அந்த அறையைத் திறந்தது பாதுகாப்புக்காக என்றார்கள். கலவரம் போயிற்று, அறை போகவில்லை. பிறகு காரணத்தை மாற்றிக்கொண்டார்கள்: இந்தப் பிள்ளைகளுக்குக் கன்னடம் வராதாம்.

என் செல்வி மைசூரில் பிறந்தவள். என்னோடு சண்டை போடுவதே கன்னடத்தில்தான். அதைச் சொன்னேன். தலைமையாசிரியர் சிரித்தபடி, "நோடோணம்மா, நோடோணா" என்றார். பார்ப்போம், பார்ப்போம். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டே என் காது தேய்ந்தது.

அன்று சாயங்காலம் படியேறி வந்து உங்களிடம் கொட்டினேன். நீங்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பெங்களூர் ஹைகோர்ட்ல ரிட் போடலாம் மல்லிகா. இன்னும் நாலு அம்மாங்களக் கூட்டிட்டு வா" என்றீர்கள். வந்த நாலு பேரில் இரண்டு பேரை அவரவர் வீட்டுக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். பிழைக்க வந்த ஊரில் எதற்கு வம்பு என்று.

அதற்குப் பிறகுதான் என் பொறுமைக்குச் சோதனை. நீங்கள் விடிகாலை ரயிலில் பெங்களூர் போவீர்கள்; இருட்டிய பிறகு திரும்புவீர்கள்.

"என்னாச்சுங்க?"

"வாய்தா."

வாய்தா வாங்கி வருகிற ஒவ்வொரு முறையும் எனக்கு அமெரிக்கக் கதை சொல்வீர்கள். அங்கே கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி, வெள்ளைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி என்று இருந்ததாம். பிரித்து உட்காரவைத்த பிறகு சமம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று அவர்களுடைய உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதாம். அதைச் சொல்லும்போது உங்கள் களைத்த முகம் கல்யாண வீட்டுக்குப் போய்வந்ததுபோல் ஆகிவிடும்.

"சரி, மறுநாளே சேத்துட்டாங்களா?" என்று கேட்டேன்.

உங்கள் குரல் இறங்கிப்போனது. "இல்ல. அடுத்த வருஷம் இன்னொரு உத்தரவு போட்டாங்க. தக்க வேகத்துல செய்யுங்கன்னு."

"தக்க வேகம்னா எந்த வேகமுங்க?"

"அதத்தான் அங்க பத்துப் பதினஞ்சு வருஷம் கேட்டுட்டிருந்தாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் என் மகளுக்குக் கல்யாணமே ஆகிவிடும். இந்தக் கதையை எனக்கு ஆறுதலாகச் சொல்கிறீர்களா, மிரட்டலாகச் சொல்கிறீர்களா என்று கேட்டேன். நீங்கள் காப்பி டம்ளரை அழுத்தித் தேய்த்துக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டீர்கள்.

செல்வி மூன்றாம் வகுப்புக்கு வந்தபோது தீர்ப்பு வந்தது. நமக்குத்தான் வெற்றி. பிரித்து வைத்தது தவறு, மொழிக்கு உதவி வேண்டுமானால் அதே வகுப்பில் வைத்துச் சொல்லிக்கொடுங்கள் என்று நீதிபதி எழுதியிருந்தார். மைசூர்பாகு வாங்கித் தெருவில் கொடுத்தீர்கள். ஆனால் கடைசி வரியில், கூடிய விரைவில் செய்யவும் என்றிருந்தது. அதை வாசித்தபோது உங்கள் குரல் தட்டியதை நான் கவனித்தேன்.

தலைமையாசிரியரும் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டார். "கோர்ட்டே ஆதஷ்டு பேக அந்த்தா ஹேளிதெ அல்வாம்மா? நானு ஆதஷ்டு பேகனே மாடுத்தீனி." கூடிய விரைவில் என்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது, நானும் கூடிய விரைவில்தானே செய்கிறேன் என்று. தசரா விடுமுறை வந்தது, போனது. பொங்கல் வந்தது. பிள்ளைகள் தகரத்தின் அடியிலேயே இருந்தார்கள். நீங்கள் அவமதிப்பு வழக்குப் போட வேண்டும் என்றீர்கள். அதற்கும் நோட்டீஸ், அதற்கும் வாய்தா.

"போதுமுங்க வக்கீலம்மா. நாங்களே உள்ள கொண்டு போய் உக்கார வெச்சுக்கறோம்."

"கெடுத்துராதே மல்லிகா. சட்டம் நம்ம பக்கம் இருக்கு. கலாட்டா பண்ணுனீங்கன்னா அதையே சாக்கா வெச்சுக்குவாங்க."

"சட்டம் நம்ம பக்கம் இருக்கு. பிள்ளைங்க பின் பக்கம் இருக்கு."

நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இன்றும் சுடுகிறது.

திங்கட்கிழமை பிரார்த்தனை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டு அம்மாக்கள் பின்னறைக்குள் போய்ப் பெஞ்சுகளைத் தூக்கினோம். கனமான பழைய மரம். நானும் பக்கத்து வீட்டு லட்சுமியும் ஒரு பெஞ்சை மைதானத்தின் நடுவரை இழுத்துவந்தபோது அவளுக்குக் கை வழுக்கிவிட்டது. பியூன் கத்துகிறார். ஜன்னல் முழுக்கப் பிள்ளைகளின் தலைகள். அப்போதுதான் உள்ளூர்க் கோர்ட்டுக்குக் கிளம்பிய கறுப்புக் கோட்டோடு நீங்கள் கேட்டுக்குள் ஓடிவந்தீர்கள். தடுக்கத்தான் வருகிறீர்கள் என்று நினைத்து நானும் வாயைத் திறந்தேன்.

"ஒன்னும் பேசாதே" என்று சீறிக்கொண்டே குனிந்து மறுமுனையைத் தூக்கினீர்கள். "மூணாங்கிளாஸ் எந்தப் பக்கம்?"

தலைமையாசிரியர் வாசலில் குறுக்கே நின்றார். கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிறோம், தடுக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்று கன்னடத்தில் கேட்டீர்கள். பெஞ்சைக் கீழே வைக்காமலே கேட்டீர்கள். அவர் ஒதுங்கினார். செல்வியைப் பவ்யா என்ற பெண்ணின் பக்கத்தில் உட்கார வைத்தோம். பின்னறைக்குப் பியூன் கையாலேயே பூட்டுப் போடச் செய்துவிட்டுத்தான் நீங்கள் பஸ் பிடிக்கப் போனீர்கள்.

இதோடு முடிந்திருந்தால் உங்கள்மேல் எனக்கென்ன கோபம்? ஒரு மாதத்துக்குள் முன்வரிசைக் கன்னடப் பிள்ளைகள் ஒவ்வொருவராக டி.சி. வாங்கிக்கொண்டு தனியார் பள்ளிகளுக்குப் போனார்கள். யாரும் சண்டை போடவில்லை. மரியாதையாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஆச்சரியப்படவே இல்லை.

"அமெரிக்காவுல வெள்ளைக்காரங்களும் இப்படித்தான் போனாங்க. ஊரையே விட்டு வெளிய வீடு கட்டிட்டுப் போனாங்க. இப்ப அங்க இருக்கிற கோர்ட்டுங்க, செஞ்சது போதும், இனி நாங்க மேற்பார்வை பாக்க மாட்டோம்னு கை கழுவிட்டிருக்குது."

"தெரிஞ்சேதான் கேஸ் போட்டீங்களா?"

"பின்னே? போறவங்களப் புடிச்சுக் கட்டிப்போட எந்தக் கோர்ட்டாலயும் முடியாது. அந்த ரூம் பூட்டிக் கிடக்குதா இல்லியா? அத மட்டும் சொல்லு."

பூட்டித்தான் கிடந்தது. இரண்டு வருஷம் கழித்து வந்த புதிய தலைமையாசிரியர், படிப்பில் மந்தமான பிள்ளைகளுக்கு என்று சொல்லி அதைத் திறக்கப் பார்த்தார். யார் அந்த மந்தமான பிள்ளைகள் என்று கேட்டால் எல்லாம் நம் தெருப் பெயர்கள். தீர்ப்பின் நகலோடு நீங்கள் ஒரே ஒரு முறை போய் வந்தீர்கள். மறுபடி யாரும் சாவியைத் தொடவில்லை. பெஞ்சைத் தூக்கியது நாங்கள்; திரும்பப் பின்னால் போகாமல் வைத்திருந்தது நீங்கள் வாங்கிய காகிதம். அன்று இதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

பவ்யா போகவில்லை. அவள் அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். "நன்ன மகளிகேனு தொந்தரெ இல்ல" என்றார். என் மகளுக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று அவர் சொன்னதோடு சரி. அந்த இரண்டு பெண்களும் பத்தாவது வரை ஒன்றாகப் படித்தார்கள். இத்தனை அலைச்சலுக்கு ஒரு பவ்யா போதுமா என்று ஒருநாள் கேட்டேன். "போதாது" என்றீர்கள். நீங்கள் என்னிடம் சொன்ன மறுமொழிகளில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கொள்ளேகாலில் உங்கள் காரியத்தன்று வக்கீல்கள் வரிசையாகப் பேசினார்கள். எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, பொறுமைசாலி. காப்பி டம்ளரை உடைந்துவிடுமோ என்கிற மாதிரி தேய்த்துக் கழுவிய உங்கள் கைகளை அவர்கள் யாரும் பார்த்ததில்லை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இப்போது என் பேத்தி படிக்கிற தனியார் பள்ளியில், சட்டப்படி இலவச இடத்தில் சேர்ந்த ஏழைப் பிள்ளைகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்களாம். நாளைக்குப் போய்க் கேட்கப்போகிறேன் என்றேன். செல்வி பயந்துவிட்டாள். "கொஞ்சம் பொறும்மா" என்றாள்.

நான் ஒருநாளும் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. எங்கே கற்றுக்கொண்டாளோ. முடியாது என்று சொல்லிவிட்டேன்.