சொந்தப் பேரில் ஒரு பனிக்காலம்

நவம்பர் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் கம்பெனி. ஜெர்மனிக்குப் போகிற பனி பூட்ஸ் ஆர்டர் முடியவில்லை. நாள் முழுக்க செக்கிங் டேபிளில் நின்று, ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டு, உள்ளே ஒட்டியிருக்கிற ரோமம் சரியாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறேன். ஆம்பூர் வெயிலில் கை வெந்துபோகிறது. இதைப் போட்டுக்கொண்டு எங்கேதான் நடப்பார்கள்?

சாப்பாட்டு நேரத்தில் மேகலா சொன்னாள். என் பக்கத்து டேபிள்காரி, மாதனூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருபவள். அரையாண்டு லீவில் அவளும் அவள் வீட்டுக்காரர் கௌதமும் இமாசலத்தில் நாக்தார் என்ற ஊருக்குப் போகிறார்களாம். பனிச்சறுக்கு ஊர். "நீங்களும் வாங்கக்கா, ஜோடியா போலாம்" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இவரைக் கேட்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

நவம்பர் 11, செவ்வாய்

இன்றுதான் இவரிடம் சொன்னேன். கடையை மூடிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஜாரில் மின்சாரச் சாமான் கடை. யாரிடமும் சத்தமாகப் பேசாத மனுஷன் அஸ்பாக்.

"அங்கெல்லாம் நம்மாளுங்க போவாங்களா?" என்றார்.

"நம்மாளுங்கன்னா? ஆம்பூர்க்காரங்களா?"

நான் வேண்டுமென்றேதான் அப்படிக் கேட்டேன். அவர் கைபேசியில் ஏதோ வீடியோ காட்டினார். வடக்கே ரயிலில் யாரையோ பேர் கேட்டு அடிக்கிறார்கள். பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பயப்படச் சொல்லித்தருகிற வீடியோக்கள் போதும்.

எங்கள் மகள் ஸோஹா மட்டும் குதிக்கிறாள். ஒன்பதாம் வகுப்பு படிக்கிற பெண்ணுக்குப் பனி என்றால் இன்னும் ஐஸ்கிரீம்தான்.

நவம்பர் 16, ஞாயிறு

எதிர்பார்த்தது நடந்தது. இவருடைய அண்ணன் லியாகத் அலி வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ.

"குளிர்தானே வேணும்? ஏலகிரி இருக்கு, ஊட்டி இருக்கு. காலம் கெட்டுக் கெடக்குது தஹ்சீன். உனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

"பாய்ஜான், நான் செய்யற பூட்ஸ் போற இடத்துக்கு நான் போகக் கூடாதா?"

"பூட்ஸுக்கு மதம் கிடையாதும்மா."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அக்கறைதான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது. அக்கறை என்ற பேரில் எங்கள் உலகத்தை ஏலகிரியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

நவம்பர் 22, சனி

வேலூரில் ஜேக்கப் என்பவரின் டிராவல்ஸ் ஆபீஸ். நாங்கள் மூன்று பேர், மேகலா, கௌதம். ஜேக்கப் நல்ல மனிதர், டீ வரவழைத்தார். ஆதார் அட்டைகளைப் பார்த்தார். என்னுடையதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டு ரூமையும் கௌதம் சார் பேர்லயே போட்டுடலாமே. அங்க சில ஓட்டல்ல... ஒரு சேஃப்டிக்குதான்."

இவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி! "அதுவே பண்ணிடுங்க" என்று உடனே சொல்லிவிட்டார்.

மேகலாவும், "இன்னாக்கா இருக்கு? தூங்கறதுக்கு ஒரு ரூம்தானே" என்றாள்.

ரூம்தான். வேறென்ன? ஆனால் என் பொண்ணு பக்கத்தில் உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருக்கா. அவளுக்கு நான் இன்னா சொல்லித்தர்றேன்? பேரை ஊர்லயே வெச்சிட்டு வா, அப்பதான் பனி பார்க்கலாம்னா?

"ஒரு ரூம் தஹ்சீன் பேர்ல. இல்லன்னா நாங்க வரல" என்றேன்.

ஜேக்கப் போட்டுக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் இவர் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

இவர் இன்னும் பேசவில்லை. நானும்தான்.

டிசம்பர் 20, சனி

மூட்டை கட்டுகிறோம். ஊறுகாய், வறுத்த உப்புக்கண்டம், அரிசி, சின்ன குக்கர். அங்கே ஹலால் கிடைக்கிறதோ இல்லையோ, நம் சோறு நம் கையில்.

மாலையில் இவர் சலூனுக்குப் போய்விட்டு வந்தார். தாடி இல்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பார்த்திராத கன்னம். ஸோஹா "அப்பா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ புர்கா போட்டுக்கறது உன் இஷ்டம். இது என் இஷ்டம்" என்றார்.

இஷ்டமா? பயமா? கேட்கவில்லை. கண்ணாடி முன் போய் நின்று கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். பாவமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. இவர்மேல் இல்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

காட்பாடியில் ஏறி, சென்னையில் மாறி, இப்போது டெல்லி ரயில். கௌதமும் இவரும் சீட்டு விளையாடுகிறார்கள். எதிர் சீட்டு அம்மாள் எங்களுக்குக் கொய்யா கொடுத்தாள், நாங்கள் முறுக்கு கொடுத்தோம். ஒருவரும் பேர் கேட்கவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

எழுதியே ஆகவேண்டும். 

மத்தியானம் நாக்தார் வந்து சேர்ந்தோம். ஓட்டல் பெரியது. கண்ணாடிக் கதவு, உள்ளே கணப்பு. வரவேற்பில் ஒரு இளைஞன். கௌதமின் ஆதாரைப் பார்த்தான், சாவியைக் கொடுத்தான். என்னுடையதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இவருடையதையும் வாங்கிப் பார்த்தான். தாடிதான் போயிருந்தது. ஆதாரில் பேர் போகவில்லையே.

"உங்க ரூம்ல தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்கு. வேற ரூமும் காலி இல்லை."

பிறகு பக்கத்தில் இருந்தவனிடம் தலையைத் திருப்பி மெதுவாக இந்தியில் சொன்னான்: "இந்த ஆளுங்களை எடுக்காதேன்னு முதலாளி சொன்னாரே, யாரு புக்கிங்கை ஒத்துக்கிட்டது?"

மதராசிகளுக்கு இந்தி புரியாது என்று நினைத்திருப்பான். எழுதத்தான் எனக்குத் தமிழ். வீட்டில் பேசுவதெல்லாம் உருது.

உருதுவிலேயே கேட்டேன். "எந்த ஆளுங்களை, தம்பி?"

அவன் முகம் வெளுத்துவிட்டது. மேனேஜர் வந்தார். பணத்தை முழுசாகத் திருப்பித் தருவதாகச் சொன்னார். கௌதம் அவரிடம் மரியாதையாகப் பேசிப் பார்த்தார். பிரயோசனம் இல்லை. மேகலா என் காதில், "அக்கா, இருட்டப் போவுது. எங்க ரூம்லயே எல்லாரும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றாள். இவர் பெட்டியை ஏற்கெனவே கையில் எடுத்துவிட்டார். "போலாம் தஹ்சீன். போதும்."

நான் அங்கிருந்த சோபாவில் போய் உட்கார்ந்தேன். புர்காவைச் சரிசெய்துகொண்டேன். சுற்றிலும் நிறைய குடும்பங்கள், காபியும் கையுமாக.

"பணத்தைத் திருப்பிக் குடுங்க. ஆனா காரணத்தை எல்லார் முன்னாடியும் சொல்லிட்டுக் குடுங்க" என்றேன். சத்தமாகத்தான். இவ்வளவு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

"தண்ணிக் குழாய்..."

"அந்த ரூமைக் காட்டுங்க. என் வீட்டுக்காரர் குழாய் வேலையும் பார்ப்பாரு."

யாரோ சிரித்தார்கள். மற்றவர்கள் கைபேசிக்குள் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் எழுந்து வரவில்லை. மேனேஜர் காரணத்தைச் சொல்லவே இல்லை. திரும்பத் திரும்பக் குழாய், குழாய். பணம் போட்டாயிற்று என்று கைபேசியைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. வந்தா வரட்டும், அழுதுகிட்டே உக்காந்திருந்தேன், எழுந்திரிக்கலை. ஸோஹா வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

அப்போது மேகலா வரவேற்பு மேசைக்குப் போய்ச் சாவியை வைத்தாள். டங் என்று சத்தம். "எங்க குழாயும் உடைஞ்சிருக்கு" என்றாள் தமிழில். கௌதம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

"உன்னை யாரு கேட்டா? நீ போய்த் தங்கு" என்று அவளிடம் கத்தினேன்.

"ரூம்தானேன்னு அன்னிக்குச் சொன்னேன். வெறும் ரூம் இல்லக்கா" என்றாள்.

வெளியே வந்தோம். வேகமாக நடந்துகொண்டிருந்தேன், எங்கே என்று தெரியாமல். ஸோஹா பின்னாலிருந்து, "அம்மி... அம்மி, நில்லு. மேல பாரு" என்றாள்.

பனி விழுந்துகொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. என் கறுப்பு புர்கா முழுக்க வெள்ளை. அத்தனை கோபத்தில் நான் பார்க்கவே இல்லை. நின்றேன். ஐந்து பேரும் நடுரோட்டில் வாயைத் திறந்துகொண்டு நின்றோம்.

எங்களை ஏற்றிவந்த டிரைவர் அவருடைய அத்தை வீட்டுக்குக் கூட்டிப்போனார். மாடியில் இரண்டு அறை வாடகைக்கு. பெட்டியை இறக்கும் முன்பே வாசலில் நின்று அந்த அம்மாளிடம் சொன்னேன்: "நாங்க முஸ்லிம். இப்பவே சொல்லிடறேன்."

அந்த அம்மாள் என் காலைப் பார்த்தாள். "அது சரி, செருப்பை வெளியே கழற்று. பனியெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டு வராதே."

டிசம்பர் 27, சனி

பனிச்சறுக்கு உடையை வாடகைக்கு எடுத்தோம். மஞ்சள் கலர், பொம்மை மாதிரி. தலைத் துணியை உள்ளே இறுக்கிக் கட்டி மேலே ஹெல்மெட். கடைக்காரப் பெண் ஒரு கேள்வியும் கேட்காமல் பட்டையை மாட்டிவிட்டாள்.

விழுந்தேன். எழுந்து, மறுபடியும் விழுந்தேன். கற்றுக்கொடுக்கிறவர் "முட்டியை மடக்கு, முட்டியை மடக்கு" என்று கத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒரு தடவை, நாலு வீடு தூரம் இருக்கும், நேராக வழுக்கிக்கொண்டு போனேன். காற்று காதில் ஊளையிட்டது. யா அல்லாஹ்! நாற்பது வயசுக்கு மேல ஒரு பொம்பளை இப்படிக் கத்தலாமா? கத்தினேன்.

நின்ற பிறகு திரும்பிப் பார்த்தால், இவர் பனியில் மல்லாந்து கிடந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். நவம்பருக்குப் பிறகு இவர் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

மத்தியானத் தொழுகை, லுஹர் நேரம் வந்தது. அறைக்குப் போய்த் தொழலாம் என்று இவர் சொல்வார் என நினைத்தேன். டீக்கடையில் வெந்நீர் வாங்கிக் கை கால் முகம் கழுவி ஒளு செய்துவிட்டு, கடைக்குப் பக்கத்திலேயே சால்வையை விரித்தார். சுற்றுமுற்றும் பார்த்தார்தான். பார்த்துவிட்டு நின்றார். ஒருவன் கைபேசியைத் தூக்கினான். கௌதம் போய் அவனுக்கு முன்னால், டீ குடிக்கிற மாதிரி, அசையாமல் நின்றுகொண்டார்.

டிசம்பர் 28, ஞாயிறு

உடம்பில் வலிக்காத இடம் இல்லை. இன்றும் போனோம்.

டிசம்பர் 29, திங்கள்

போலீஸ் சௌக்கிக்குப் போனேன். புகார் எடுக்கவில்லை. "பணம் வந்துடுச்சு இல்ல, அப்புறம் இன்னா?" என்கிற மாதிரிதான் பேச்சு. சரி. ஓட்டலைப் பற்றி இணையத்தில் நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். தமிழில் நான், இந்தியில் ஸோஹா. என் முழுப்பேர், என் படம்.

ஜனவரி 6, செவ்வாய்

ஜேக்கப் கூப்பிட்டார். ஓட்டல் முதலாளி அவரை நச்சரிக்கிறாராம். "எழுதினதை எடுத்துடுங்கம்மா. அடுத்த வருஷம் இலவசமா ரூம் தர்றாங்களாம். எனக்கும் தொழில் இருக்கு இல்ல?"

"நான் எழுதினது பொய்யின்னா எடுக்கறேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார். இனி எனக்கு டீ வாங்கித்தர மாட்டார். என் பதிவுக்குக் கீழே வந்து கண்டபடி திட்டி எழுதுகிறார்கள். படிக்கிறேன். படித்துவிட்டுச் சோறு வடிக்கிறேன். நான் எழுதியது அங்கேயே இருக்கட்டும்.

கம்பெனியில் வேறு கதை. கேன்டீனில் என்னையும் மேகலாவையும் சுற்றி எப்போதும் கூட்டம். விழுந்த கதையைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

பெருநாள் நேற்று முடிந்தது. வீடு இன்னும் நெய் மணக்கிறது. மத்தியானம் லியாகத் பாய்ஜான் மனைவியோடு வந்தார். பெருநாள் சேமியா பாயசம், ஷீர் குர்மா கொடுத்தேன். ஊர்க்கதை பேசினார், வெயிலைத் திட்டினார், ஸோஹாவின் பரீட்சையை விசாரித்தார். எதற்கு வந்தார் என்றே புரியவில்லை. கடைசியில் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அங்க குளிரு ரொம்ப ஜாஸ்தியா? முட்டி வலிக்காரங்க தாங்குவாங்களா?"

அண்ணி தலையைக் குனிந்து சிரித்தாள். அவர்கள் மட்டும் இல்லையாம். பக்கத்துத் தெரு ஜியாவுல்லா குடும்பம், இன்னும் மூன்று குடும்பங்கள், எங்களையும் சேர்த்துக்கொண்டு. டிசம்பருக்கு. அந்த அத்தை வீட்டு மாடி இத்தனை பேருக்குப் போதாது.

"பேரு விஷயத்துக்கு ஒரு வழி இருக்குன்னு ஜியாவுல்லா சொல்றான். கௌதம் பேர்ல..." என்று பாய்ஜான் ஆரம்பித்தார்.

நான் வாயைத் திறக்கும் முன் இவர் எழுந்தார். நாக்தார் ஓட்டல்களின் எண்களை இணையத்தில் தேடினார். போனை ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்தார். யாரிடமும் சத்தமாகப் பேசாத மனுஷன்.

"வணக்கம், ஆம்பூர்லருந்து அஸ்பாக் அகமது பேசறேன். டிசம்பர் கடைசியில வர்றோம். ஆறு குடும்பம், எல்லாரும் முஸ்லிம். ரூம் இருக்கா?"

அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

இவர் அடுத்த எண்ணை அழுத்தினார். பாய்ஜான் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.