குரூப்பில் வராத அறிவிப்பு

9 டிசம்பர் 2024, திங்கள்

காதலர் தினப் பூவுக்கான கவாத்து முடிந்தது. எங்கள் ஊர் பேரிகையில் எல்லோருடைய பசுமைக்குடிலிலும் ரோஜாச் செடிகள் மொட்டையாக நிற்கின்றன. பூ விவசாயிகள் சங்கத் தலைவர் ராஜ்குமார் தன் குடிலில் பூஜை போட்டாராம். என்னைக் கூப்பிடவில்லை. பத்து வருடம் அந்தச் சங்கத்தின் செயலாளர் நான். "வெள்ளைச்சாமிக்குப் படிப்பு ஜாஸ்தி, நமக்கு ஒத்துவராது" என்று பொதுக்கூட்டத்தில் சொல்லி இறக்கினார். அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் நீக்கினார். மூன்று வருடம், இரண்டு மாதம். மறப்பதாக இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

அக்கா மகன் ஹரீஷ்குமார் பெங்களூரிலிருந்து வந்தான். மென்பொருள் வேலை. என் மடிக்கணினியைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, இன்னுமா ஃபீடு ரீடர் வச்சிருக்கீங்க? அது செத்துப் பத்து வருசம் ஆச்சு."

சாகவில்லை. முப்பத்தொரு இணையப் பக்கங்களின் ஃபீடை அதில் சேர்த்திருக்கிறேன் — வானிலை, தோட்டக்கலை, எங்கள் பூவை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியின் பக்கம். எங்கே புதிதாக எது வந்தாலும் தலைப்பும் தேதியும் வந்த வரிசையில் என் முன் வந்து நிற்கும். எனக்கு எது பிடிக்கும் என்று எந்த இயந்திரமும் ஊகிப்பதில்லை. குட்மார்னிங் படம் இல்லை. என்னை நீக்க அட்மினும் இல்லை.

27 டிசம்பர், வெள்ளி

காலையில் ரீடரைத் திறந்தேன். கம்பெனியின் பக்கத்தில் ஓர் அறிவிப்பு, ஆங்கிலத்தில், நான்கே வரி. இலைப்பேனுக்கு நாங்கள் எல்லோரும் அடிக்கும் அந்த மருந்து, இந்தத் தடவை பூவில் துளிகூட இருக்கக்கூடாது. ஜனவரி 22 அன்று ஒவ்வொரு தோட்டத்திலும் மாதிரி எடுப்பார்கள். இருந்தால் அந்தத் தோட்டத்துப் பூ வேண்டாம்.

ஊரில் முதல் மருந்து ஜனவரி முதல் வாரம் அடிப்பார்கள். சொல்லலாமா? எனக்கு என்ன தலையெழுத்து? இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு யோசித்தேன். பிறகு போனேன்.

ராஜ்குமார் உட்காரச் சொல்லவில்லை. "குரூப்ல ஒண்ணும் வரலியே" என்றார்.

"கம்பெனி பக்கத்துல போட்டிருக்காங்க."

"அதெல்லாம் உங்க கம்ப்யூட்டர் கதை வாத்தியாரே. குரூப்ல வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மங்கம்மா மட்டும் சிரிக்கவில்லை. என் குடிலை ஒட்டி அரை ஏக்கர் வைத்திருக்கிறாள். வருடத்தில் இந்த ஒரு பூதான் அவளுக்கு. வழியில் பின்னாலேயே வந்து கேட்டாள்: "நெசமாண்ணா? நீங்க அடிக்கலன்னா நானும் அடிக்கல."

4 ஜனவரி 2025

ஊரெல்லாம் மருந்து வாடை. எங்கள் இரண்டு குடிலில் மட்டும் வேப்பெண்ணெய், பேனைப் பிடிக்க நீல ஒட்டும் அட்டை.

11 ஜனவரி, சனி

மங்கம்மாவின் அட்டை கறுத்துக் கிடக்கிறது. மொட்டுக்குள் பேன். என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்? நாலு வரியை நம்பி ஒரு பொம்பளையோட வருசத்தையே — அறிவிப்பை மறுபடி திறந்து படித்தேன். பதினோரு தடவை. அதே நான்கு வரி.

சரஸ்வதி சொன்னாள்: "படிச்சது போதுங்க. போய் மொட்டக் கிள்ளுங்க."

என் மனைவி. சரியாகத்தான் சொன்னாள். சாயங்காலம்வரை மூன்று பேரும் பேன் புகுந்த மொட்டுகளைக் கிள்ளிப் பையில் கட்டினோம். பத்துக்கு ஒன்று போயிற்று.

14 ஜனவரி

பொங்கல். இன்றும் கிள்ளினோம். அட்டையில் பூச்சி குறைவு.

19 ஜனவரி

மங்கம்மாவின் மொட்டுகள் சுத்தம். என்னுடையதும். ராஜ்குமார் வண்டியை நிறுத்தி, "என்ன வாத்தியாரே, பேன் வளக்கறீங்களாமே?" என்று கேட்டுவிட்டுப் போனார். இங்கே குறித்து வைத்தேன்.

25 ஜனவரி, சனி

இதை நிதானமாக எழுத வேண்டும்.

கம்பெனி ஆள் பிரதாப் சங்கக் கட்டிடத்துக்கு வந்து முடிவை வாசித்தார். பதினான்கு தோட்டம். பன்னிரண்டில் மருந்து இருக்கிறது. இல்லாதவை இரண்டு: மங்கம்மா, வெள்ளைச்சாமி.

ராஜ்குமார் எழுந்தார். "எங்களுக்கு யாரும் சொல்லலியே சார்."

"டிசம்பர்லயே சங்கத்துக்கு மெயில் போட்டோமே."

"மெயிலா? அத வெள்ளைச்சாமிதான பாப்பாரு."

மங்கம்மாதான் சொன்னாள்: "அண்ணன நீங்க தூக்கி மூணு வருசமாச்சே."

சங்கத்தின் மெயிலைக் கடைசியாகத் திறந்தவன் நான்தான். அப்புறம் கடவுச்சொல்லை மாற்றினார்கள். மாற்றியது என்ன என்று எவருக்கும் ஞாபகமில்லை. நான் வாயைத் திறக்கவே இல்லை. என் வாழ்க்கையில் இவ்வளவு அருமையாக நான் பேசியதில்லை.

7 பிப்ரவரி

கடைசிப் பெட்டியும் ஏறிவிட்டது. இரண்டு குடில், ஒரே வண்டி. மங்கம்மா வண்டி திரும்பும்வரை ரோட்டில் நின்றாள். மற்றவர்களின் பூ ஓசூர் சந்தைக்கு, வந்த விலைக்கு.

16 பிப்ரவரி, ஞாயிறு

சங்கத்து ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள், ராஜ்குமாரும்தான். செயலாளராக வரச் சொன்னார்கள். முடியாது என்றேன். குரூப்புக்கு அட்மின் ஆகச் சொன்னார்கள். அதுவும் முடியாது. "யாரையும் நம்ப வேண்டாம். என்னையும்தான். போனை எடுங்க, அறிவிப்பு நேரா உங்ககிட்டயே வரும்" என்றேன்.

ஒவ்வொரு போனாக வாங்கி ரீடரை ஏற்றி, கம்பெனிப் பக்கத்தையும் வானிலையையும் சேர்த்துக் கொடுத்தேன். சங்கத்தில் மூத்தவர் கங்கப்பன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இவ்ளோதானா? இதுக்கா மூணு வருசம் உன்னோட பேசாம இருந்தோம்?"

ராஜ்குமாரின் போனைக் கடைசியில் வாங்கினேன். வேண்டுமென்றேதான். ஒரு மணி நேரம் நின்றார். நடுவில் தானே கடைக்குப் போய் டீ வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். அவர் போனில் வேலை முடிகிறவரை அதைத் தொடவில்லை. பிறகு குடித்தேன். ஆறித்தான் போயிருந்தது. நன்றாக இருந்தது.